நூற்பாலைத் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறு பற்றி முறைசார் மீளாய்வு: எங்கே தேடுவது, எப்படிச் செய்வது?

கேள்வி
எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, பெருந்துறை

அனைவருக்கும் வணக்கம். நான் சமுதாய நலச் செவிலியத்தில் முதுநிலை படித்து வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஆள் இல்லாத தெருவே கிடையாது என்பதால், பஞ்சுத் தூசியால் வரும் மூச்சுக் கோளாறு பற்றி ஏதேனும் ஒரு மில்லில் கணக்கெடுப்பு நடத்தலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். வழிகாட்டி ஆசிரியரோ, ஏற்கெனவே நடந்த ஆய்வுகள் நிறைய இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பவற்றை எல்லாம் திரட்டி முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்வதே பயனுள்ளது என்று சொல்லிவிட்டார். "ஜவுளித் தொழிலாளர்களிடையே சுவாசக் கோளாறுகள்" என்பது இப்போதைக்குத் தலைப்பு.

கூகுள் ஸ்காலரில் தேடினால் முடிவே இல்லாமல் கட்டுரைகள் வருகின்றன. எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் எம்பேஸ், ஸ்கோபஸ் போன்ற கட்டணத் தரவுத்தளங்கள் இல்லை. அவை இல்லாமல் செய்தால் ஏற்றுக்கொள்வார்களா? பிக்கோ முறைப்படி (நோயாளிகள், சிகிச்சை, ஒப்பீட்டுக் குழு, விளைவு என்று நான்காகப் பிரித்து) கேள்வியை எழுதச் சொல்கிறார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விளங்கவில்லை. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்துவிட முடியுமா? மெட்டா அனாலிசிஸ், அதாவது ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியல் முறையில் கூட்டி ஒரே எண்ணாக்குவது, கட்டாயமா? அடுத்த கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

பதில் 1
மருத்துவ நூலகர், கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். தேடலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். செய்முறையைப் பற்றி மருத்துவர்கள் யாராவது எழுதுவார்கள்.

முதல் வேலை, இதே கேள்விக்கு ஏற்கெனவே யாராவது மீளாய்வு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது. பப்மெட் என்ற இலவச மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் உங்கள் சொற்களை இட்டு, இடது பக்கத்தில் உள்ள கட்டுரை வகைகளில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திவரும் ப்ராஸ்பெரோ பதிவேட்டைப் பாருங்கள். இப்போது நடந்துகொண்டிருக்கும் மீளாய்வுகள் அங்கேதான் தெரியவரும். மருத்துவ மீளாய்வுகளின் தொகுப்பான காக்ரேன் நூலகத்தையும் ஒரு முறை துழாவுங்கள். அங்குள்ள எளிய நடைச் சுருக்கங்களை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம், சில தமிழிலும் உண்டு. பழைய மீளாய்வு ஒன்று கிடைத்தால் உடனே தலைப்பை மாற்றிவிட வேண்டியதில்லை. 2017இல் வெளியான ஆம்ஸ்டார்-2 என்ற 16 கேள்விப் பட்டியலைக் கொண்டு அதை எடைபோடுங்கள். தேடல் முழுமையாக இல்லை என்றோ, காலம் கடந்துவிட்டது என்றோ தெரிந்தால், உங்கள் மீளாய்வுக்கான நியாயம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கூகுள் ஸ்காலரை முதன்மைத் தேடலுக்குப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டினாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் அது திறக்காது. அதே சொற்களை நாளை இட்டால் வரிசையும் மாறியிருக்கும். நீங்கள் செய்த தேடலை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இந்த வகை ஆய்வின் உயிர்நாடி. ஸ்காலரைத் துணைக்கு, அதாவது ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பப்மெட்டில் இரண்டு வழியிலும் தேட வேண்டும். மெஷ் என்ற பொருட்தலைப்புப் பட்டியலில் பிஸ்ஸினோசிஸ் (பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்), டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரி, காட்டன் ஃபைபர் ஆகியவை உள்ளன. ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் இடப்படுவதில்லை. எனவே அதே கருத்துக்கான சாதாரணச் சொற்களையும் தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களில் தேடி, இரண்டையும் 'ஆர்' (OR, 'அல்லது') போட்டு இணைக்க வேண்டும்.

இந்தியக் கட்டுரைகளைத் தேடுவதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியா என்ற சொல்லே இல்லாமல் ஊர்ப்பெயரை மட்டும் தலைப்பில் இட்ட கட்டுரைகள் ஏராளம். அந்த ஊர்ப்பெயர்களும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும் முதல் 'டி'க்குப் பின் 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். தமிழ்நாடு ஒரே சொல்லாகவும் வருகிறது, இரண்டு சொல்லாகவும் வருகிறது. பழைய கட்டுரைகளில் பம்பாய்தான் இருக்கும், மும்பை இருக்காது. இந்தத் துறையில் பழைய ஆய்வுகள் பல அகமதாபாத், பம்பாய் மில்களைப் பற்றியவை என்பதால் இதை விட்டால் பாதிக் கதை போய்விடும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகளைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

எம்பேஸ் இல்லை என்பது குறைதான், ஆனால் அதனால் வேலை நின்றுபோகாது. உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இண்டெக்ஸ் மெடிகஸ் இலவசம். தென்கிழக்கு ஆசிய இதழ்களின் பட்டியல் அதற்குள் அடங்கியிருக்கிறது. லென்ஸ் என்ற கட்டுரைத் தேடல் தளமும் இலவசம். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா தளமும், நம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியமும் உள்ளன. முழுக்கட்டுரை கிடைக்காமல் திண்டாடினால், அரசுக் கல்லூரியில் படிக்கும் தோழி யாரையாவது கேளுங்கள். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. எந்தத் தரவுத்தளத்தைத் தேட முடியவில்லை என்பதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதிவிட்டால் போதும்.

பதில் 2
ஓய்வுபெற்ற நூற்பாலை அலுவலர், பல்லடம்

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. மில்லிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். தலைப்பைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது, அம்மணி. "ஜவுளித் தொழிலாளர்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் விடை யாருக்கும் பொருந்தாது.

நூற்பாலைக்குள்ளேயே, பேலைப் பிரித்துக் கொட்டும் மிக்ஸிங், ப்ளோ ரூம், கார்டிங் ஆகிய இடங்களில்தான் தூசி அதிகம். ஸ்பின்னிங்கிலும் கோன் வைண்டிங்கிலும் அந்த அளவுக்கு இருக்காது. கழிவுப் பஞ்சை ஓட்டும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லின் நிலைமை வேறு. விசைத்தறி வேறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் கையாள்வது துவைத்துச் சாயமேற்றிய துணி. ப்ளோ ரூம் ஆள் கையாள்வது செடியிலிருந்து வந்த இலைத்தூளும் மண்ணும் கலந்த பச்சைப் பஞ்சு. சாயப்பட்டறையில் இருமுகிறவருக்குக் காரணம் தூசியாகவே இருக்காது, ரசாயனமாக இருக்கும். இன்றைக்கு நம் பக்கத்தில் பல மில்கள் பாலியஸ்டருக்கும் விஸ்கோஸுக்கும் மாறிவிட்டன. அவற்றைப் பஞ்சு மில்லோடு சேர்த்து எண்ணினால் கணக்கு தானாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று, "திங்கட்கிழமை மூச்சுத் திணறல்" என்று இந்த நோயைப் பற்றிய கட்டுரைகளில் எழுதுகிறார்கள். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை மெஷின் ஓடத் தொடங்கும் நாட்டுக்கு அது சரி. நம் பக்கத்தில் பல மில்கள் வாரம் முழுவதும் மூன்று ஷிஃப்ட்டும் ஓடுபவை. வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாகச் சுழற்சியில் வரும். செவ்வாய்க்கிழமை லீவு எடுத்தவரிடம் போய்த் திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அவருக்குப் புதன்கிழமைதான் திங்கட்கிழமை. அந்த ஆய்வுக்காரர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

பதில் 3
சமுதாய மருத்துவத் துறை மருத்துவர், சேலம்

பல்லடத்து ஐயா சொன்ன இரண்டையும் அப்படியே தரவு எடுக்கும் படிவத்தில் பத்திகளாக்கிக் கொள்ளுங்கள்: எந்தப் பிரிவு, எந்த இழை, அறிகுறியைக் கேட்டது "திங்கட்கிழமை" என்றா, "விடுமுறைக்கு அடுத்த முதல் வேலைநாள்" என்றா. பாடநூல்களில் இந்தக் கேள்விகள் இருக்காது.

உங்கள் கேள்விக்குப் பிக்கோ பொருந்தாததில் வியப்பில்லை. அது ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிடும் கேள்விகளுக்கு உரியது. ஒரு நோய் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்கும்போது நோய்நிலை, சூழல், மக்கள்தொகை என்ற மூன்றை வரையறுத்தால் போதும், மீளாய்வு முறைகளை வகுக்கும் ஜே.பி.ஐ. அமைப்பின் வழிகாட்டி நூல் இதைக் கோகோபாப் என்று அழைக்கிறது. தலைப்பை "இந்தியப் பருத்தி நூற்பாலைத் தொழிலாளர்களிடையே பிஸ்ஸினோசிஸ் பாதிப்பின் அளவு" என்று சுருக்கினால் அகலம் குறையும், ஆழம் கூடும்.

நோயின் வரையறையிலும் கண் வைக்க வேண்டும். ஷில்லிங் என்ற மருத்துவர் வகுத்த அரை, ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலைகளைப் பின்பற்றிய ஆய்வுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1983இல் தந்த வகைப்பாட்டைப் பின்பற்றியவையும் உண்டு. அறிகுறியை மட்டும் கேட்டு முடித்தவை சில. ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை செய்து, முதல் நொடியில் வெளிவிடும் காற்றின் அளவு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தவை சில. 'அரை' படிநிலையில் உள்ள நோயாளிகளை ஓர் ஆய்வு எண்ணியிருக்கும், மற்றொன்று விட்டிருக்கும். தூசியை அளப்பதிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதி, நூல் உற்பத்திப் பிரிவுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது வெர்டிகல் எலுட்ரியேட்டர் என்ற கருவியில் பிடிபடும் நுண்தூசிக்கான வரம்பு. மொத்தத் தூசியை அளந்த ஆய்வின் எண்ணை அதோடு ஒப்பிட்டு "வரம்பைத் தாண்டியது" என்று எழுதிவிடும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வரும்.

இந்தத் தலைப்பில் மிகப் பெரிய பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஆய்வு நடந்த அன்று மில்லில் இல்லாதவர்களிடம். மூச்சு முட்டியவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார், தாங்கியவர் நிற்கிறார், நின்றவரை மட்டும் எண்ணினால் மில் ஆரோக்கியமாகத் தெரிகிறது. ஹெல்தி ஒர்க்கர் எஃபெக்ட் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் பகுதியில் இது இன்னும் கூர்மையானது. விடுதியில் தங்கி மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்து ஊர் திரும்பிவிட்ட பெண்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இடையிலேயே திரும்பிப் போனவர்களும் எந்தக் குறுக்குவெட்டு ஆய்விலும் சிக்குவதில்லை. ஒவ்வொரு ஆய்விலும் சராசரிப் பணிக்காலம் எவ்வளவு, விலகியவர்களைத் தேடினார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். காக்ரேன் அமைப்புக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன், வேல்ஸ் நாட்டின் ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரித் தூசி நோயை ஆராய்ந்தபோது, சுரங்கத்தில் இருந்தவர்களோடு நிற்காமல் விலகியவர்களையும் வெளியாட்களையும் தேடிப்போய் எக்ஸ்ரே எடுத்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

ஒரே ஆய்வு பல கட்டுரைகளாக வருவதையும் கவனியுங்கள். இந்தியாவோடு நின்றால் இது உங்களைத் தொடாது, ஆனால் எல்லையை விரித்தால் ஷாங்காய் ஆய்வு வரும்: 1981இல் தொடங்கி, பருத்தி மில் தொழிலாளர்களையும் ஒப்பீட்டுக்குப் பட்டு மில் தொழிலாளர்களையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த அருமையான ஆய்வு அது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதிலிருந்து கட்டுரை வந்துகொண்டே இருந்தது. அவற்றைத் தனித்தனி ஆய்வுகளாக எண்ணினால் அதே மனிதர்களைத் திரும்பத் திரும்ப எண்ணியதாகிவிடும்.

செய்முறைக்கு வருகிறேன். தேடலைத் தொடங்கும் முன்பே திட்டவரைவை எழுதி, தரவு எடுக்கத் தொடங்குவதற்கு முன் ப்ராஸ்பெரோவில் பதிவு செய்துவிடுங்கள்; முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்றினோம் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது. தனியாகச் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். தேடலைத் தனியாகச் செய்யலாம். தேர்வையும் தர மதிப்பீட்டையும் செய்யக்கூடாது. இருவர் ஒருவர் முடிவை ஒருவர் பாராமல் தலைப்பு, சுருக்கங்களைச் சலித்து, பிறகு ஒப்பிட வேண்டும், ஒத்துப்போகாத இடத்தில் வழிகாட்டி தீர்த்துவைக்கட்டும். ரய்யான் செயலியில் இதற்கென்றே மறைப்பு வசதி இருக்கிறது, இலவசமாகவும் பயன்படுத்தலாம். இரட்டைப் பதிவுகளை நீக்க ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் போதும். தர மதிப்பீட்டுக்கு ஜே.பி.ஐ.யின் 9 கேள்விப் பட்டியல் இந்த வகை ஆய்வுகளுக்கென்றே வந்தது. அறிக்கையை 2020ஆம் ஆண்டின் பிரிஸ்மா வழிகாட்டுதலின் 27 அம்சங்களின்படி எழுதுங்கள்.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுங்கள். ப்ராஸ்பெரோவில் பதிவான மீளாய்வுகளை ஆராய்ந்து 2017இல் வந்த ஒரு கட்டுரை, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரங்கள் ஆனதாகக் கண்டது. இதில் இதழ்கள் எடுத்துக்கொண்ட காலமும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் உங்களிடம் இருப்பது ஒரு கல்வியாண்டு. கேள்வியைச் சுருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பல்லடத்து ஐயா சொன்னதைப் படித்த பிறகு, என் தலைப்பில் பனியன் கம்பெனியையும் சாயப்பட்டறையையும் சேர்த்துக் குழப்பியிருந்தது புரிந்தது. மருத்துவர் தந்த தலைப்பை ஆசிரியரிடம் காட்டினேன், ஒப்புக்கொண்டார். வேறு கல்லூரியில் படிக்கும் தோழி ஒருத்தி இரண்டாவது ஆளாக இருக்கச் சம்மதித்திருக்கிறாள்.

இரண்டு ஐயங்கள் மீதியுள்ளன. ஆய்வுக்கு ஆய்வு வரையறை மாறுகிறது என்றால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே சதவீதமாகச் சொல்வது சரியா? இதழில் வராத ஆய்வேடுகளைச் சேர்க்கலாமா? அவை தரம் குறைந்தவை, விட்டுவிடு என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

பதில் 4
புள்ளியியல் ஆசிரியர், நாமக்கல்

முதல் ஐயத்துக்கு மட்டும். மெட்டா அனாலிசிஸ் இல்லாமலும் முறைசார் மீளாய்வு முழுமையானதுதான். கூட்டுவது கடைசியில் வரும் ஒரு விருப்பத் தேர்வு. வள்ளம் என்ற முகத்தலளவையில் அளந்த கம்பையும் கிலோவில் நிறுத்த கம்பையும் ஒரே கணக்கில் கூட்டினால் வரும் எண்ணுக்கு என்ன பொருளோ, வரையறை வேறுபட்ட ஆய்வுகளைக் கூட்டி வரும் சதவீதத்துக்கும் அதே பொருள்தான்.

முதலில் ஷில்லிங் படிநிலையைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தனியே பிரியுங்கள். அவற்றுள் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவு ஆட்களின் எண்ணிக்கையைத் தனியே தந்தவற்றை எடுங்கள். மிஞ்சுவது ஓரளவு ஒத்த குழு என்றால், உண்மை அளவே ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையில் கூட்டலாம். நோய் அளவு பற்றிய மீளாய்வுகளில் ஐ-ஸ்கொயர், அதாவது ஆய்வுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும் அளவு, 90 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். கூட்டுச் சராசரியின் நம்பக இடைவெளியோடு, புதிதாக ஒரு மில்லில் ஆய்வு நடந்தால் எந்த வரம்புக்குள் விடை வரலாம் என்று காட்டும் பிரிடிக்ஷன் இடைவெளியையும் தாருங்கள். அது மிக அகலமாக வந்தால், அந்த அகலத்தைத்தான் நீங்கள் கண்டறிந்த விடையாக எழுத வேண்டும். ஒருவருக்கும் நோய் இல்லை என்று சொல்லும் ஆய்வு இருந்தால் அதைத் தூக்கிவிடாதீர்கள். சுழியத்தைக் கையாளும் முறைகள் ஆர் மென்பொருளின் மெட்டா தொகுப்பிலேயே இருக்கின்றன.

கூட்டவே முடியாத நிலை வந்தால், 2020இல் வந்த ஸ்விம் வழிகாட்டுதலைப் படியுங்கள். கூட்டாமல் தொகுத்துச் சொல்வதற்கும் ஒழுங்கு உண்டு என்பது அதில் தெரியும். வெளிவராத ஆய்வுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று ஊகிக்க உதவும் ஃபனல் பிளாட் வரைபடத்தையும் சிலர் போடச் சொல்வார்கள். பத்து ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் அது எதையும் காட்டாது. நோய் அளவு பற்றிய கேள்வியில் அதன் பொருளே ஐயத்துக்குரியது. தேர்வுக்குழுவினர் கேட்டால் இதையே காரணமாகச் சொல்லலாம்.

பதில் 5
மருத்துவ நூலகர், கோயம்புத்தூர்

ஆய்வேடுகளைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இதழில் வந்ததால் ஓர் ஆய்வு தரமானதாகிவிடாது. வராததால் தரமற்றதும் ஆகிவிடாது. தரத்தை ஜே.பி.ஐ.யின் அந்த 9 கேள்விகள் சொல்லட்டும். மேலும், "பாதிப்பு பெரிதாக இல்லை" என்று முடியும் ஆய்வுகள் இதழ்களை எட்டாமல் களஞ்சியத்திலேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். அவற்றை விட்டால் உங்கள் கூட்டுத்தொகை ஒரு பக்கமாகச் சாயும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆய்வேடாக வந்ததே பின்னர் கட்டுரையாகவும் வந்திருக்கலாம். ஆசிரியர் பெயர், மில் இருக்கும் மாவட்டம், தரவு சேகரித்த ஆண்டு, பங்கேற்றோர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் ஒரே ஆய்வாகச் சேர்த்து, இரண்டில் எதில் விவரம் அதிகமோ அதிலிருந்து எண்களை எடுங்கள். ஐயம் தீரவில்லையென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம், கேட்ட விவரத்தையும் பதில் வந்ததா என்பதையும் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதலாம். களஞ்சியங்களில் மெஷ் போன்ற வசதி கிடையாது; எளிய சொற்களாக ஒவ்வொன்றாக இட்டு, எந்தத் தேதியில் எந்தச் சொல்லுக்கு எத்தனை வந்தது என்று அன்றன்றே குறித்துவையுங்கள். எத்தனை கட்டுரைகள் கிடைத்து எத்தனை கழிந்தன என்று காட்டும் பிரிஸ்மா ஓட்டப்படத்தில் இவை தரவுத்தளங்களோடு சேராமல் தனிப் பெட்டியில் வரும்.

தேடல் வரிகளை இயக்குவதற்கு முன் இங்கே ஒட்டிவிடுங்கள். பிரெஸ் என்ற சரிபார்ப்புப் பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. அதை வைத்துப் பார்த்து, அடைப்புக்குறி எங்கே தவறியிருக்கிறது, எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.